ஆறு மணி நேரத்து முட்கள்

சோழர்கள் என்ற பேச்சை எடுத்தாலே பொன்னையாவுக்குக் குமட்டும். ராஜராஜன் என்றால் வாயில் புளித்தண்ணீர் ஊறும். ராஜேந்திரன் என்றால் எழுந்து வெளியே ஓடிவிடுவார். சோழர்கள் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எங்கள் மையத்துக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அவர் தின்ற உளுந்து வடை கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"இந்த ஆறு மணி நேரத்துக்குள்ள வயித்துக்கு ஏதும் ஒத்துக்காம போச்சா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். அது இரண்டாவது கேள்வி.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார். காலையிலிருந்து அவர் படித்திருந்த சோழர் வரலாறு முழுவதையும் பூட்டினோம். வடையும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. இப்போது வருவாய்த் துறையில் நல்ல பதவியில் இருக்கிறார். தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தால் மட்டும் மருத்துவ விடுப்பில் போய்விடுவாராம்.

என் பெயர் பரணிதரன். திருச்சி தில்லைநகரில் நினைவுறுதி மையம் என்று பலகை மாட்டிய இடத்தில் இயந்திரத்தை இயக்குகிறவன். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊரில் அதைப் பூட்டுக்கடை என்றுதான் சொல்வார்கள். நானும் பூட்டுக்காரன்தான். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள். காலையில் படித்ததை மத்தியானத்துக்குள் மூளையில் பூட்டிவிட வேண்டும், தேர்வு நாள்வரை ஓர் எழுத்துகூட அழியக்கூடாது என்று வருவார்கள். முதலில் அரசாங்கம் இதைத் தடை செய்தது. எல்லாரும் பக்கத்து மாநிலத்துக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு வர ஆரம்பித்ததும் தடையை எடுத்துவிட்டது.

பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன்.

"கருவேலங்கிளையப் பாத்திருக்கீங்கல்ல? மூளைல இருக்கற நரம்பு செல்லும் அப்படித்தான், கிளை கிளையாப் பிரிஞ்சு போகும். கிளை பூரா பொடிப்பொடியா முள்ளு. பக்கத்து செல் சொல்றத ஒவ்வொரு முள்ளும் காது குடுத்துக் கேக்கும். புதுசா ஒண்ணு படிச்சீங்கன்னா புது முள்ளு முளைக்கும், இல்லாட்டி இருக்கற முள்ளுக்குத் தலை பெருக்கும்."

"குத்தாதா சார்?" என்று ஒருவராவது கேட்பார்.

"குத்தற முள்ளு இல்ல. காளான் மாதிரி இருக்கும். கீழ காம்பு, மேல குண்டுத் தலை. தலை பெருசா இருந்தா நல்லாக் காது கேக்கும், ரொம்ப நாள் நிக்கும். ஒல்லி முள்ளெல்லாம் ரெண்டு நாள்ல காணாமப் போயிரும். நீங்க தூங்கறப்ப பாதிக்கு மேல சுருங்கிரும். மறந்து போச்சுங்கறோமே, அது இதுதான். நாங்க சுருங்க விடாம அப்படியே இறுக்கிடறோம்."

இயந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. கடந்த ஆறு மணி நேரத்தில் முளைத்த முள் எது, தலை பெருத்த முள் எது என்று அதற்குத் தெரியும். எது சோழன், எது வடை என்று தெரியாது. அதனால்தான் படிவம். மொத்தம் ஐந்து கேள்விகள். எதற்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால் பூட்டக்கூடாது, இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி இப்படி இருக்கும்: சண்டை, சச்சரவு, மனவருத்தம் ஏதாவது உண்டா?

அந்த மூன்றாவது கேள்வியால் வந்த வினைதான் இது. கேட்டவன் நான். பதில் சொன்னவள் என் மனைவி மதுவந்தி.

மது அப்போது மூன்றாவது முறையாகக் குரூப் ஒன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை முதல் கட்டத்திலேயே போனது. இரண்டாவது தடவை நேர்முகம் வரைக்கும் போய் ஒன்றரை மதிப்பெண்ணில் போனது. ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தவள், இந்தத் தடவை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மையத்தில் ஊழியர் குடும்பத்துக்கு என்று சனிக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கியிருந்தார்கள். வாராவாரம் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வாய்க்குள் சட்டப் பிரிவுகளை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். போக்குவரத்து சிக்னலில் நின்றால் என் தோளில் விரலால் எண் எழுதிப் பார்ப்பாள்.

முதன்மைத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று சனிக்கிழமை. காலையில் சீக்கிரம் எழுந்து நிலச் சீர்திருத்தச் சட்டங்களை முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். கரூரிலிருந்து என் அக்கா சுகுணா போன் செய்தாள். புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறார்களாம், மதுவை நாலு நாள் முன்னாடியே அனுப்பச் சொன்னாள். தேர்வு இருக்கிறது என்றேன்.

"இந்தத் தடவையாவது அவளுக்கு வந்துருமாடா?" என்றாள் அக்கா.

அக்காவிடம் பேச்சு வளர்ந்தால் லேசில் முடியாது. எதையாவது சொல்லிச் சீக்கிரம் வைத்துவிடப் பார்ப்பேன். அன்றைக்கும் அப்படித்தான்.

"இல்லக்கா. அவளுக்கெல்லாம் வராது. எனக்குத் தெரியாதா? ஆசைப்படறா, எழுதிட்டுப் போறா, விடு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மது ஈரத் துண்டும் கையுமாக நின்றிருந்தாள். கொடியில் போட வந்திருக்கிறாள்.

"அக்கா வாய அடைக்கறதுக்காகச் சொன்னேன் மது."

"ம்."

"நெசமா அப்படி நினைக்கல."

"விடுங்க. சாப்பிட்டுட்டு நேரமாவே கிளம்பலாமா?"

நிஜமாக நான் அப்படி நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். அவள் மேல் எனக்குப் பிரியம் நிறைய இருந்தது. நம்பிக்கைதான் இல்லை. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்கூட்டரில் அவள் எதையும் முணுமுணுக்கவில்லை. மையத்தில் நாற்காலியில் உட்கார வைத்துப் படிவத்தை எடுத்தேன். பக்கத்தில் நர்ஸ், பூட்டுவதற்கு முன்னால் போடுகிற ஊசியோடு தயாராக நின்றாள். பின்னால் வரிசையில் நாலைந்து பேர்.

"சண்டை, சச்சரவு, மனவருத்தம் ஏதாவது உண்டா?" என்று அலுவலகக் குரலில் கேட்டேன்.

மது என்னைப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டிப் பேச்சு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று சொல்லியே வளர்த்த வீடு அவளுடையது. என் வீடும் அப்படித்தான். விருந்தாளி வந்துவிட்டால் எங்கள் அப்பாவும் அம்மாவும் பாதிச் சண்டையை அப்படியே நிறுத்திவிட்டுச் சிரித்த முகத்தோடு காபி கொடுப்பார்கள். நாலு பேர் முன்னால், கையில் படிவத்தோடு நிற்கும் புருஷனிடம், அவள் வேறென்ன சொல்வாள்?

"இல்லை" என்றாள்.

டிக் அடித்தேன். பொய் என்று எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை மையத்துக்கு விடுமுறை என்பதால் தேர்வுக்கு முன்னால் பூட்ட இதுதான் கடைசிச் சனிக்கிழமை, அதை வீணாக்கக்கூடாது என்ற நினைப்பும் கூட இருந்தது. பூட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டில் சண்டைகளுக்கு ஆயுள் குறைவு. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலக் காபிக்குள் முடிந்துவிடும். மிஞ்சிப்போனால் மறுநாள் இட்லி. இது முடியவில்லை. சத்தம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆனால் அளந்து பேசினாள். படிப்பு மட்டும் பேய்ப் படிப்பாக இருந்தது. சோற்றுத் தட்டின் ஓரத்தில் புத்தகம், துணி உலர்த்தும்போது காதில் பாடம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒரு வாரத்தில் பதினாறு தடவை. அவளுக்குப் பிடிக்குமென்று காந்தி மார்க்கெட் முழுக்க அலைந்து நாவல்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"தேங்க்ஸ்ங்க" என்றாள்.

கட்டின பெண்டாட்டி நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். மறுநாள் எங்கள் மையத்தின் தலைமை மருத்துவர் செலினிடம் போய் நின்றேன். மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"படிவத்துல இல்லைன்னு போட்டியா?"

"போட்டேன் மேடம்."

"அறிவிருக்கா உனக்கு?"

எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒரு வார்த்தை சுருக்குன்னு பட்டா அதுக்கும் முள்ளு முளைக்கும் பரணி" என்றார். "அன்னைக்குத் தூங்கினா கொஞ்சம் சுருங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம். நடந்தது ஞாபகம் இருக்கும், சூடு போயிருக்கும். மன்னிக்கறதெல்லாம் பெரிய மனசுன்னு காலங்காலமாச் சொல்லிக்கிட்டிருக்கோம். அதுல பாதி தூக்கம்தான். நீ அந்த வழிய அடைச்சுட்ட. மதுவுக்கு இனிமே தினமும் அந்தச் சனிக்கிழமை காலைதான்."

"திறக்க முடியாதா மேடம்?"

"முடியும். ஆனா சாவி போட்டுத் திறக்கறது இல்ல, பூட்ட உடைக்கறது. அன்னைக்கு இறுக்கினது எல்லாம் ஒரே கொத்து. உடைச்சா படிச்சதும் முள்ளோட சேந்து போயிரும். அன்னைக்கு அவ என்ன படிச்சிருந்தா?"

"நிலச் சீர்திருத்தச் சட்டம்."

"பரீட்சைக்கு வருமா?"

"முப்பது மார்க்குக்கு வரும்."

டாக்டர் டிபன் பாக்ஸை மூடினார். "அப்ப அதுவரைக்கும் திட்டு வாங்கு."

இப்படித்தான் பொன்னையாவும். உடைத்துவிடலாம் என்றால், வடையோடு சோழர்களும் போய்விடுவார்களே என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. தேர்வு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்கு நடந்ததும் சேந்து பூட்டிக்கிச்சு மது. உடைச்சிரலாமா?" என்றேன்.

"தெரியும். நேர்முகத்துல அந்தச் சட்டத்தக் கேட்டா என்ன பண்றது? முடியட்டும்" என்றாள். நேர்முகமும் முடிந்தது. பட்டியல் வரட்டும் என்று மறுபடியும் தள்ளிப்போட்டாள்.

ஏழு மாதம் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது. மது தேறிவிட்டாள். துணை ஆட்சியர். நான் மையத்திலிருந்து ஸ்கூட்டரைப் பறக்கவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் சன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா? ஒரு நம்பர் மாறியிருக்கும்" என்றாள்.

மூன்று தடவை காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்தாள். அதிர்ச்சியில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நியமன ஆணை வந்தபோதும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். என் மேல் இருக்கிற கோபம் அவளுக்கு வந்த சந்தோஷத்தைக்கூடத் தின்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போனை எடுப்பாள். பட்டியலைத் திறப்பாள். தேர்வு அனுமதிச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் குழாயடிக்குப் போவாள். இருபது நாள் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன மது தினமும்?"

"சும்மா. இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்காம எங்க போகும்?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். "சொன்னா உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். காலைல எந்திரிக்கறப்ப நான் ஃபெயில்ங்க. லிஸ்ட்டப் பாத்தாத்தான் பாஸ். பத்து மணிக்கெல்லாம் மறுபடியும் ஃபெயிலாயிடுவேன்."

"மது, என் மேல இருக்கற கோவத்துல..."

"உங்க மேல எனக்கென்ன கோவம்?" என்றாள், நிஜமாகவே புரியாமல். "அன்னைக்கு அண்ணிகிட்ட எனக்கு வராதுன்னு சொன்னீங்கல்ல. கேட்டவுடனே எனக்குக் கோவமெல்லாம் வரல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. பத்து வருஷமாக் கூடவே இருக்கறவரு, அவருக்குத் தெரியாதான்னு நினைச்சேன். நம்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள யோசிச்சிருந்தா ஒருவேளை கோவம் வந்திருக்கும். அதுக்குள்ள ஊசி போட்டுட்டீங்க."

"அப்ப இவ்வளவு நாளா தேங்க்ஸ் தேங்க்ஸ்னு சொன்னது?"

"வராதுன்னு தெரிஞ்சும் எனக்காக அலையறீங்களேன்னு."

ஏழு மாதமாக நான் தப்பான குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் என்றால் அவள் என்னை எதிர்த்து நின்றிருக்க வேண்டும். அவள் எதிர்க்கவே இல்லை. தன்னை விட்டுவிட்டு என் பக்கம் வந்து சேர்ந்துவிட்டாள். அன்றைக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். "எதுக்குங்க, அதான் பாஸாயிட்டேனே" என்று ஆறுதல் சொன்னாள். சொல்லும்போதே ஓரக்கண்ணால் போனைப் பார்த்தாள்.

மறு சனிக்கிழமையே உடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. நிலச் சீர்திருத்தம் தெரியாத துணை ஆட்சியரா என்று மதுவுக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம். "போனாப் போகுது, மறுபடி படிச்சுக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் செலின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இயந்திரத்துக்கு அந்தக் கொத்து எங்க இருக்குன்னு தெரியணும்னா, முள்ளெல்லாம் முழிச்சிருக்கணும். அதே வார்த்தை, அதே குரல். நீதான் சொல்லணும்."

"மறுபடியுமா மேடம்?"

"மறுபடியும். அப்புறம், உடைச்சா அதப்பத்திப் பின்னால பேசினதும் சேந்து மங்கிப்போகும். ஏதோ இருந்துச்சுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. என்னன்னு கேட்டாச் சொல்லாத. சாக்கடை நாத்தம் பூட்டிக்கிச்சுன்னு சொல்லிரு. எல்லாருக்கும் அதத்தான் சொல்றோம்."

மது நாற்காலியில் தலைப்பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் நின்றேன். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்.

"அவளுக்கு... வராது" என்றேன். திரையில் ஒன்றும் இல்லை.

"இப்படி அழுதுகிட்டா சொன்ன அன்னைக்கு?" என்றார் டாக்டர். "அன்னைக்கு எப்படிச் சொன்னியோ அப்படிச் சொல்லு. அலட்சியமா."

இரண்டாவது தடவையும் வரவில்லை. அப்புறம் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மதுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். அக்காவின் குரலை மனதுக்குள் வரவழைத்தேன்.

"இல்லக்கா. அவளுக்கெல்லாம் வராது. எனக்குத் தெரியாதா? ஆசைப்படறா, எழுதிட்டுப் போறா, விடு."

திரும்பிப் பார்த்தேன். திரையில் கிளை கிளையாக வெளிச்சம் பற்றிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில் குண்டுத் தலை முட்கள், ஏழு மாதத்துக்குப் பிறகும் அன்று முளைத்தவை போல. போனை வைப்பதற்காக நான் சொன்ன ஒரு வரி அவளுக்குள் இவ்வளவு இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. டாக்டர் விசையை அழுத்தினார். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது.

அரை மணி நேரத்தில் மது எழுந்து, "பசிக்குதுங்க" என்றாள். அளந்து பேசுகிற குரல் இல்லை.

ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம் வந்ததும் என் தோளைத் தட்டினாள். "ஏங்க, என்னத்தங்க உடைச்சாங்க? கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கு. விஷயம்தான் வரமாட்டேங்குது."

சாக்கடை நாற்றம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள். அந்த வியாதிக்குத்தான் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறோம். வண்டியை ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அக்கா போன், ஈரத் துண்டு, படிவம், ஏழு மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் முகம் சிவந்தது.

"ஒன்றரை மார்க்குல போனவளப் பாத்து வராதுன்னு சொன்னீங்களா? உங்களுக்கு என்ன தெரியும்? காலேஜுல எத்தனை அரியர் வச்சீங்க நீங்க? அதையும் சொல்லுங்களேன் அக்காகிட்ட. இதுல ஏழு மாசமா நானும் அத நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேனா?"

சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. எங்கள் பேச்சு வாசற்படியைத் தாண்டி தில்லைநகர் பிரதான சாலைக்கே வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை அவள் பேசவில்லை. நான் சமைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைப் பார்த்தபடியே, "வெண்டைக்காய்ல உப்புப் போட்டீங்களா இல்லையா?" என்றாள். மறந்துவிட்டேன் என்றேன். உப்பு ஜாடியை எடுத்து அவள் தட்டிலும் போட்டுக்கொண்டாள், என் தட்டிலும் போட்டாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தேன். மது சன்னலோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். தேர்வு அனுமதிச் சீட்டு அலமாரியிலேயே இருந்தது.

"ஆமா அண்ணி, பதினெட்டாம் தேதி வேலைல போய்ச் சேரணும். பட்டுப்புடவை எதுக்கு அண்ணி, காட்டன் போதும். யாரு, உங்க தம்பியா? அவருக்கெல்லாம் ஆள எடை போடத் தெரியாது அண்ணி. ஏதோ தோணுது, சொல்லிட்டுப் போறாரு, விடுங்க."

வைத்துவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கொஞ்சமும் பதறவில்லை.

"கிளம்பலாமா?" என்றாள். "நிலச் சீர்திருத்தச் சட்டப் புத்தகம் வாங்கணும். பழசத்தான் எடைக்குப் போட்டுட்டீங்களே."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன். அவள் அக்காவிடம் சொன்னது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பரவாயில்லை, இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும்.